கர்ப்பிணியிடம் வேலை விலகல் கடிதம் நீட்டப்பட்டால்...

லகாட் – லகாட், மெங்லெம்பு, பூசிங் வட்டாரங்களில் இன்று தொழிற்சாலைக்கும் பேரங்காடிக்கும் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களில் பலரின் தாய்மார்கள் ஒரு காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்கள். வயிற்றில் பிள்ளையோடு பால்மரம் வெட்டியவர்கள், பிள்ளை பிறந்ததும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடி நிரைக்குப் போனவர்கள். தோட்டத்தில் மண்டோர் கடுமையாகப் பேசினால் பக்கத்து நிரையில் இருந்த அக்காவோ அத்தையோ எதிர்த்துக் கேட்பார்கள். தொழிற்சாலை லைனில் நிற்கும் பெண்ணுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அவள் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

அந்தச் சமாளிப்பு எங்கே சறுக்குகிறது என்பதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்வது நல்லது. கர்ப்பிணிக்கு எதிரான நெருக்கடி பெரும்பாலும் வேலை நீக்கக் கடிதமாக வருவதில்லை. கர்ப்பம் என்று தெரிந்த மறு வாரம் ஷிப்ட் மாற்றப்படும். உட்கார இருந்த நாற்காலி காணாமல் போகும். கிளினிக் போன நாளுக்குக் கேள்வி மேல் கேள்வி வரும். "இந்த உடம்போடு முடியவில்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே" என்ற பேச்சு காதில் விழும்படி பேசப்படும். கடைசியில் ஒருநாள் அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட ஒரு தாளை நீட்டி, "நீங்களே விலகிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது" என்பார்கள்.

அந்தத் தாளில் போடும் கையெழுத்துதான் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றுகிறது.

இரண்டு தாள்கள், இரண்டு விளைவுகள்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது 41ஏ பிரிவு. கர்ப்பமாக இருக்கும் பெண்ணையோ, கர்ப்பத்தால் வந்த நோயால் அவதிப்படும் பெண்ணையோ வேலையிலிருந்து நிறுத்துவதும், நிறுத்துவதாக நோட்டீஸ் கொடுப்பதும் குற்றம் என்கிறது அந்தப் பிரிவு. விதிவிலக்கு மூன்றே மூன்று: வேலை ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், நிறுவனமே மூடப்படுவது.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் அதே பிரிவில் உள்ளது. நீக்கத்துக்குக் கர்ப்பம் காரணம் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பெண் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, முதலாளி நீக்கினால்தான் வரும். பெண் தானே விலகியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், காகிதப்படி அவளை யாரும் நீக்கவில்லை. கட்டாயப்படுத்திப் பெற்ற விலகல் கடிதத்தையும் தொழிலியல் நீதிமன்றம் வேலை நீக்கமாக ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. அங்கே, கட்டாயப்படுத்தப்பட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவள் அந்தப் பெண்தான். மூடிய அறைக்குள் நடந்த பேச்சுக்குச் சாட்சிக்கு எங்கே போவாள்? முதலாளியின் தோளில் இருந்த சுமை ஒரே கையெழுத்தில் அவள் தோளுக்கு மாறிவிடுகிறது.

சட்டம் இங்கு வந்து சேர்ந்த வழி

இந்தப் பாதுகாப்பு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பியட்ரிஸ் பெர்னாண்டஸ் என்பவர் மாஸ் நிறுவனத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். அவரது பிரிவைச் சேர்ந்த பணிப்பெண்கள் கர்ப்பமுற்றால் வேலையை விட்டு விலக வேண்டும் என்று அப்போதைய கூட்டு ஒப்பந்தமே சொன்னது. 1991இல் கர்ப்பமுற்ற அவர் விலக மறுத்தார். நிர்வாகம் அவரை நீக்கியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2005இல் முடிந்தது. அவர் தோற்றார். அரசியலமைப்புச் சட்டம் தரும் சம உரிமை, அரசாங்கம் செய்யும் பாகுபாட்டுக்கு எதிராகத்தான் செல்லும், தனிப்பட்ட வேலை ஒப்பந்தத்துக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 8(2)ஆவது விதி திருத்தப்பட்டது 2001இல்தான். அதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அடுத்தது நூர்ஃபடில்லா வழக்கு. 2009 ஜனவரியில் உலு லங்காட் வட்டாரத்தில் தற்காலிக ஆசிரியராக நியமனம் பெற்றவர் அவர். கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதும் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பால் பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்டதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம் என்பதால் அரசியலமைப்புச் சட்டம் துணை நின்றது. தனியார் துறையில் நிலைமை மாறவில்லை. பயிற்சிக் காலத்தில் கர்ப்பமாகக் கூடாது என்று ஏர் ஆசியா தன் பொறியியல் பயிற்சி ஒப்பந்தத்தில் வைத்திருந்த நிபந்தனை பாகுபாடு ஆகாது என்று மேல் முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இருந்த இந்த ஓட்டையைத்தான் 2023 திருத்தம் ஓரளவு அடைத்தது. 41ஏ பிரிவோடு 69எஃப் பிரிவும் வந்தது. வேலையிடத்தில் பாகுபாடு காட்டப்பட்டதாகத் தொழிலாளர் புகார் செய்தால் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

98 நாள் யாருக்கு?

மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும் அதே திருத்தத்தில்தான். சம்பளம் எவ்வளவு என்பது இதற்குத் தடையில்லை. மாதச் சம்பளம், நாள் சம்பளம் இரண்டுக்கும் பொருந்தும். விடுமுறைக் காலச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், முந்திய 4 மாதத்தில் எப்போதாவது அவரிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஐந்து பேர் என்றால் விடுமுறை உண்டு, சம்பளம் இல்லை. 22 வாரத்துக்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தாலும் அது பிரசவமாகவே கணக்கிடப்படும். இதைத் தெரியாமல் துக்கத்தோடு மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

"மகப்பேறு உரிமை வேண்டாம்" என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தால்? அந்த நிபந்தனை செல்லாது. 44ஆவது பிரிவு அதை வெளிப்படையாகச் சொல்கிறது.

வாயால் சொல்வது போதாது

முதல் வேலை, கர்ப்பத்தை எழுத்தில் தெரிவிப்பது. "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் படம் பிடித்து, பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு, மேலாளருக்கு இரண்டு வரி அனுப்பினால் போதும். மலாயில் எழுதத் தயக்கம் என்றால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் எழுதச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தேதியும் நேரமும் பதிவாகும். விடுமுறை எப்போது தொடங்கும் என்பதைப் பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுமுறையில் போனால், தெரிவிக்கும்வரை சம்பளத்தை நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவது, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஷிப்ட் அட்டவணை, சம்பளச் சீட்டு, எம்.சி. எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்க வேண்டும். வேலையிட லாக்கரில் வைத்தால், நீக்கப்படும் நாளில் அதைத் திறக்க அனுமதி கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது, தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாமல் இருப்பது. "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம். அப்படி எழுந்து வருவது ஒழுங்கீனம் ஆகாது. பயந்து போட்டுவிட்டால், அன்றைக்கே அல்லது மறுநாளே "நான் விரும்பி விலகவில்லை, வேலைக்கு வரத் தயார்" என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்து எழுதுவதைவிட மறுநாள் எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

மருந்து, புகை, பாரம்

சில வேலையிடங்களில் பேச்சைவிட வேலையே ஆபத்தாக இருக்கும். செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் பட்ட பாட்டை, தெனகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லிச் செயல் கட்டமைப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வு வெளியே கொண்டுவந்தது. பாராகுவாட் மருந்துக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.

லகாட்டை ஒட்டிய புக்கிட் மேராவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அங்கே 1982இல் தொடங்கிய ஆசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். ஈப்போ உயர் நீதிமன்றம் 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது. பாதிப்பு வந்த பிறகு காரணத்தை நிரூபிக்கப் போனால் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கர்ப்பிணிக்குக் கையில் இருப்பது சில மாதங்கள்தான்.

அதனால் முன்னதாகக் கேட்பதே வழி. மருந்து கலப்பது, அடிப்பது, கரைப்பான் புகை, ஈயம், கனமான மூட்டை, நாள் முழுக்க நிற்பது எதுவானாலும், செய்யும் வேலையை விவரமாகக் கிளினிக் தாதியிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். "இலகுவான வேலை தரவும்" என்று டாக்டர் எழுதித் தரும் கடிதத்தை நிர்வாகம் ஒதுக்கித் தள்ளுவது கடினம். தொழிலாளரின் பாதுகாப்பை உறுதி செய்வது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளியின் கடமை. 2024 ஜூனில் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருக்கும் வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையையும் தொழிலாளருக்குத் தருகிறது. பெண்களை இரவு வேலையில் அமர்த்துவதற்கு வேலைச் சட்டத்தில் இருந்த பழைய தடை 2023 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. எனவே இரவு ஷிப்டிலிருந்து மாற்றம் வேண்டுமானால் டாக்டர் கடிதம்தான் துணை.

எந்தக் கதவைத் தட்டுவது?

மகப்பேறு விடுமுறை, அதற்கான சம்பளம், பாகுபாடு ஆகிய புகார்களுக்கு ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகா. வேலை நீக்கத்துக்கும் கட்டாய விலகலுக்கும் தொழிலியல் உறவு இலாகா. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். ஒன்றில் புகார் கொடுத்துவிட்டு மற்றதில் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது. வேலையை மீட்டுத் தரக் கோரும் விண்ணப்பத்தை, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அறுபத்தோராம் நாள் போனால் நியாயம் இருந்தும் பயனில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சமரசப் பேச்சுக்கு வழக்கறிஞரும் தேவையில்லை. 2021 முதல், சமரசம் ஆகாத வழக்கை அமைச்சரிடம் அனுப்பாமல் தலைமை இயக்குநரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்.

சங்கத்தில் உறுப்பினர் என்றால் முதலில் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உள்ளது. பேச்சும் கைவரிசையும் பாலியல் தொல்லையாக மாறினால் அதற்குத் தனிப் புகார் உண்டு. மனம் தாங்காத நேரத்தில் அரசாங்கத்தின் 15999 தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சட்டம் எட்டாத இடங்கள்

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வேலைச் சட்டத்தின் மகப்பேறு பகுதி பொருந்தாது. 69எஃப் பிரிவு முதலாளிக்கும் தொழிலாளருக்கும் இடையிலான தகராற்றைப் பற்றித்தான் பேசுகிறது. நேர்முகத் தேர்வில் "கர்ப்பமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெண் இன்னும் தொழிலாளர் ஆகவில்லை. எது பாகுபாடு என்ற விளக்கமும் சட்டத்தில் இல்லை. குத்தகைக்காரரிடம் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு பிடிமானம் உண்டு. வேலை நேரத்தையும் முறையையும் இன்னொருவர் கட்டுப்படுத்தினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் அவரைத் தொழிலாளராகவே கருதலாம் என்கிறது 101சி பிரிவு. சம்பளம் பேங்கில் ஏறிய பதிவும், வேலைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்தியும் அங்கே சாட்சியாகும்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. "தலைவலி எதற்கு, வேலையை விட்டுவிடு" என்று கணவரோ மாமியாரோ அக்கறையோடு சொல்வதுதான் பல நேரம் அந்தக் கையெழுத்துக்குக் காரணமாகிறது. விட்டுவிட்டால் 98 நாள் சம்பளமும் போகும், பிள்ளை பிறந்தபின் திரும்பிப் போக வேலையும் இருக்காது. ஓராண்டு வேலை செய்த கணவருக்கு 7 நாள் விடுமுறை உண்டு. பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்போ பிள்ளை பிறந்தபின் கூடிய விரைவிலோ அவர் தெரிவிக்க வேண்டும். வேலை முடிந்து வந்தவளிடம் "இன்றைக்கு என்ன சொன்னார்கள்?" என்று கேட்டு அதை நோட்டில் எழுதி வைப்பதற்கு அந்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டியதில்லை.