ஒரு வில்லும் ஒரு சுரைக்குடுக்கையும்

1890-ஆம் வருடம் பிரேசில் அரசாங்கம் இரண்டு உத்தரவுகள் போட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டே மாதம். அக்டோபரில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 402-ஆம் பிரிவு, தெருவில் கபோய்ரா ஆடுகிறவனுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்றது. டிசம்பரில் நிதி அமைச்சர் ருய் பார்போசா, அரசு அலுவலகங்களில் இருந்த அடிமைகள் பற்றிய பதிவேடுகளைத் திரட்டி எரித்துவிடச் சொன்னார். அடிமை முறையை ஒழித்த சட்டம் 1888 மே 13-இல் வந்தது. அதற்குள் மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பழைய எஜமானர்கள் நஷ்ட ஈடு கேட்டு வந்து நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்தார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். எல்லாப் பதிவேடும் எரிந்துவிடவும் இல்லை. ஆனால் எரிந்தது எரிந்ததுதானே.

வேலையில் இருந்த காலம் முழுக்கக் கோப்புகளோடும் ரிஜிஸ்தர்களோடும் இருந்தவன் நான். நம் ஊரில் எத்தா சிவில் பதிவில் பாட்டன் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஒரு குடும்பமே நின்றிருக்கும். பிரேசிலுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பார்கள்?

இசைத்தட்டு ஒன்றைப் பற்றி எழுதுவதற்கு இத்தனை பீடிகை எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் தட்டில் கேட்கிற வாத்தியம் அந்த இரண்டு உத்தரவுகளையும் தாண்டி வந்தது, அதனால்தான்.

வாத்தியத்தின் பெயர் பெரிம்பாவ். பார்த்தால் வேடன் கையில் இருக்கிற வில்தான். ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான கொம்பு, அதில் இழுத்துக் கட்டிய ஒரே ஒரு கம்பி, அடிப்பக்கத்தில் வாய் வெட்டிய ஒரு சுரைக்குடுக்கை. இந்தக் காலத்தில் பழைய கார் டயருக்குள் இருக்கும் கம்பியை உருவி எடுத்துக் கட்டுகிறார்கள். இடது கையில் வில்லும் ஒரு காசும். வலது கையில் மெல்லிய குச்சியும், உள்ளே விதை போட்ட கஷிஷி என்ற சின்னக் கூடைக் கிலுகிலுப்பையும். குச்சியால் கம்பியைத் தட்ட வேண்டும். காசை அழுத்தினால் சுருதி ஏறும், எடுத்தால் இறங்கும். குடுக்கையின் வாயை வயிற்றோடு ஒட்டினால் நாதம் அடங்கும், விலக்கினால் திறக்கும். ஆக, வாசிக்கிறவனுடைய வயிறும் வாத்தியத்தில் ஒரு பாகம். தெற்கத்திய வில்லுப்பாட்டில் வில்லுக்குத் துணையாகக் குடம் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உறவு ஒன்றும் கிடையாது, புரிந்துகொள்ள உதவும் என்று சொல்கிறேன்.

இதன் பூர்வீகம் அங்கோலா பக்கம். 1816-இல் ரியோவுக்குப் போன பிரெஞ்சுக் கலைஞர் குழுவில் ழான் பத்திஸ்த் தெப்ரே என்ற ஓவியர் இருந்தார். நெப்போலியனை வரைந்த தவீதின் உறவினர், மாணவர். 1831 வரை அங்கேயே இருந்து, ஊர் திரும்பி, பிரேசில் பயணம் பற்றி மூன்று பாகமாகப் புத்தகம் போட்டார். அரசவையை வரைந்த அதே கையால் சந்தையையும் சாட்டையடியையும் வரைந்திருக்கிறார். அவர் படங்களில் ஒன்றில், கண் தெரியாத கறுப்புக் கிழவர் ஒருவர் இந்த வில்லை ஊன்றிக்கொண்டு, குடுக்கையை வெற்று வயிற்றில் வைத்து வாசிக்கிறார். பதிவேட்டை எரிக்கச் சொன்னவர்களுக்கு இந்தப் படத்தின் நினைவு வந்திராது.

பெரிம்பாவ் பிற்பாடு கபோய்ராவோடு சேர்ந்தது. கபோய்ரா ஆட்டமா சண்டையா என்று கேட்டால் இரண்டும்தான். வேகத்தை முடிவு செய்வது வில். ஒவ்வொரு அடிக்கும் பெயர் உண்டு: அங்கோலா, சாவ் பெந்தோ, கவலாரியா. கவலாரியா என்றால் குதிரைப்படை. குளம்புச் சத்தம் போலவே போகும் இந்த அடியை வாசித்து, குதிரைப் போலீஸ் வருகிறது, கலைந்து போங்கள் என்று சொல்வார்களாம். 1930-களில்தான் நிலைமை மாறியது. சால்வதோர் நகரத்தில் மெஸ்திரே பிம்பா என்பவர் 1932-இல் பள்ளிக்கூடமே திறந்தார். 1937-இல் அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் குற்றம், இப்போது பாரம்பரியம்.

இனி நம்ம ஆள். நனா வாஸ்கொன்செலோஸ் 1944 ஆகஸ்டில் ரெசிஃபி நகரத்தில் பிறந்தவர். அப்பா கிதார் வாசிப்பவர். அவரோடு 12 வயதிலேயே மேடையேறியாகிவிட்டது. ரெசிஃபியின் சொத்து மரகாத்து: காங்கோ ராஜாவுக்கு முடிசூட்டும் சடங்கிலிருந்து வந்த ஊர்வலம், பெரிய பெரிய முரசுகள். அதைக் கேட்டு வளர்ந்தவர் ரியோவுக்குப் போய் மில்தோன் நாசிமெந்தோவுக்கு வாசித்தார். பெரிம்பாவ் அவருக்கு வாய்த்தது 60-களின் நடுவில். அர்ஜென்டினாக்காரர் காத்தோ பார்பியெரியின் குழுவோடு ஐரோப்பா போனவர், 70-களின் ஆரம்பத்தில் பாரிஸில் தங்கிவிட்டார். அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் பிள்ளைகளோடு இசை வைத்து வேலை செய்தார். சரவா என்ற சின்னக் கம்பெனிக்கு 'ஆஃப்ரிகாதெயுஸ்' என்று முதல் தட்டும் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம்: 'சௌதாதெஸ்'. 1979 மார்ச்சில் ஜெர்மனியில் பதிவு செய்தது, இ.சி.எம். கம்பெனி வெளியீடு. ஒரு பக்கம் ஒற்றைக் கம்பி வில். மறுபக்கம் ஸ்டுட்கார்ட் வானொலியின் சிம்பனி வாத்தியக் குழு. அதற்கு இசை எழுதிக் கொடுத்தவர் எக்பெர்த்தோ ஜிஸ்மோந்தி, பாரிஸில் நாதியா பூலான்ஷேயிடம் படித்த பிரேசில்காரர்.

இப்படிக் கலப்பது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. பாதென் பவெல் பெரிம்பாவின் அடியைக் கிதாரில் எடுத்தார். 1967 பாட்டுப் போட்டியில் ஜில்பெர்த்தோ ஜில் வில்லையும் மின்சாரக் கிதாரையும் ஒரே மேடையில் வைத்தார். ஆனால் அங்கெல்லாம் வில் ஒரு வாசனைப் பொருள், குழம்பில் கடைசியாகத் தூவும் கொத்தமல்லி மாதிரி. 'சௌதாதெஸ்' முதல் பாட்டில் வில்தான் சாப்பாடு. 'ஓ பெரிம்பாவ்' 18 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கான்செர்த்தோ என்றால் பியானோவோ வயலினோ உட்காரும் இடத்தில், அந்தக் குருட்டுக் கிழவரின் வில் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக அதைத் திருத்தவில்லை, இன்னொரு கம்பி சேர்க்கவில்லை, பளபளப்பாக்கவும் இல்லை. இரண்டு மூன்று சுருதிதான். அதிலேயே குச்சி உரசுவதும், விதை சலசலப்பதும், குடுக்கை மூச்சு விடுவதுமாக ஒரு பெரிய மனுஷன் பேசுகிற மாதிரி இருக்கிறது. பிடில்கள் வருகின்றன, காத்திருக்கின்றன, போகின்றன.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பிடில்கள் சினிமா சோகத்தின் ஓரம் வரைக்கும் போய்விடுகின்றன. ஒரே ஆள் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து கூட்டமாகப் பாடுவது ஸ்டுடியோ வித்தை என்று முதலில் பட்டது. பிறகு அந்தப் பெயர் தெரியாதவர்களை நினைத்துக்கொண்டு கேட்டேன், வித்தையாகத் தோன்றவில்லை. சௌதாத் என்ற போர்த்துகீசியச் சொல்லுக்கு, இனிமேல் கிடைக்காததை நினைத்து ஏங்குவது என்று பொருள் சொல்லலாம். பிரெஞ்சில் 'நொஸ்தால்ழி' என்று மொழிபெயர்ப்பார்கள், எடை போதாது. 1983-இல் போட்ட இன்னொரு தட்டுக்கு நனா வைத்த பெயர் 'ஸும்பி'. ஓடிப்போன அடிமைகள் அமைத்த பல்மாரெஸ் என்ற நாட்டின் கடைசித் தலைவன் அவன், 1695-இல் கொல்லப்பட்டான். எந்தப் பதிவேட்டை இவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது இதிலிருந்தே தெரியும்.

பிற்காலத்தில் ஊருக்கே திரும்பி, வருடா வருடம் ரெசிஃபி கார்னிவல் தொடக்க நாளில் நூற்றுக்கணக்கான மரகாத்து முரசுக்காரர்களை நடத்தினார். 2016 மார்ச் 9-இல் நுரையீரல் புற்றுநோயில் காலமானார், வயது 71.

ரெயூனியனில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இதே வில் அந்தத் தீவிலும் இருக்கிறது, பெயர் 'போப்ர்'. ஆப்பிரிக்கா, மடகாஸ்கரிலிருந்து போன அடிமைகளின் மலோயா பாட்டுக்கு வாசிப்பது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் பக்கத்துக் கொட்டகையில் இருந்து அதைக் கேட்டிருப்பார்கள். 1981 வரைக்கும் மலோயாவை அங்கே வானொலியில் போடாமல்தான் வைத்திருந்தார்கள். அடுத்த முறை பேரன் பேத்திகள் லீவுக்கு வரும்போது போப்ர் பதிவு ஏதாவது கிடைத்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். நானும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.