‘வேண்டாம்’ யாருடைய சொல்?
ஐரோப்பிய ஐயவாதமும் இணையமும்

1

ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்ப்பவன் என்றாலே வலதுசாரி, இனவாதி, வெளியூர்க்காரனைக் கண்டால் ஆகாதவன் என்றொரு பொதுப்புத்தி இன்று உருவாகியிருக்கிறது. இந்தப் பொதுப்புத்திக்கு ஒரு வரலாறு உண்டு. ‘ஐரோப்பிய ஐயவாதி’ என்ற சொல் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் புழங்கத் தொடங்கியது 1980களின் நடுவில்தான். எதிர்ப்போ அதற்கு முன்பே இருந்தது. 1975 ஜூன் 5 அன்று, ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நீடிப்பதா என்று பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது ‘வேண்டாம்’ என்று மேடையேறியவர்கள் யார்? டோனி பென், பார்பரா காஸில், மைக்கேல் ஃபூட் போன்ற தொழிற்கட்சியின் இடதுசாரிகள். குடியேறிகளை எதிர்த்துப் பேர்போன ஈனோக் பவலும் அதே பக்கம் நின்றார். அந்த ஆண்டுதான் கன்சர்வேடிவ் கட்சித் தலைவரான மார்கரெட் தாட்சர் ‘வேண்டும்’ என்று பிரச்சாரம் செய்தார். 67 சதவீதம் பேர் ‘வேண்டும்’ என்றார்கள்.

ஆக, ‘வேண்டாம்’ என்பது யாருடைய பட்டா நிலமும் இல்லை. சந்தையின் ஐரோப்பா வேண்டாம் என்பது ஒரு குரல். அந்நியர் வேண்டாம் என்பது இன்னொரு குரல். வாக்குச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். அந்தக் கட்டத்துக்குள் எந்தக் குரல் ஓங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? அரசியல் மட்டும்தானா? விவாதம் நடக்கிற இடத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் வாதம். இணையம் நுழைந்த பிறகு நடந்த இரண்டு பிரச்சாரங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

2

முதலாவது, பிரான்ஸ், 2005. ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை ஏற்பதா என்று மக்களிடம் கேட்டார்கள். ஆளும் வலதுசாரிக் கட்சி, சோஷலிஸ்ட் கட்சித் தலைமை, பெரிய பத்திரிகைகள், தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் என மேலே இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ‘ஆம்’ பக்கம். கம்யூனிஸ்டுகள், அட்டாக் இயக்கத்தார், சோஷலிஸ்ட் கட்சிக்குள்ளேயே லோரான் ஃபாபியுஸ் போன்ற கலகக்காரர்கள் ‘இல்லை’ பக்கம். லெ பென்னின் தேசிய முன்னணியும் ‘இல்லை’தான்.

மார்ச் மாதக் கடைசியில், மார்செய் நகரத்துப் பள்ளி ஆசிரியர் எத்தியேன் ஷுவார் தம் இணையப்பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார். கட்சிக்காரர் அல்ல. அவர் சொன்னது எளிமையானது. அரசியல் சட்டம் என்றால் குடிமக்கள் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். குறிப்பிட்ட பொருளாதாரக் கொள்கையை அதற்குள் பூட்டி வைக்கக் கூடாது. பிற்பாடு திருத்த வழி இருக்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்களே தங்கள் அதிகாரத்துக்கு விதி எழுதக் கூடாது. அவ்வளவுதான். கட்டுரை மின்னஞ்சலில் கைமாறியது. அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அவருக்கு எழுதினார்கள். தவறு என்று சுட்டியவற்றைத் திருத்தித் திரும்பவும் போட்டார். 448 பிரிவுகளும் பின்னிணைப்புகளுமாக யாரும் படிக்கப்போவதில்லை என்று நினைத்த ஒரு ஒப்பந்தத்தை ஜனங்கள் பிரிவு பிரிவாகப் பிரித்து மேய்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இணையம் வெறும் ஒலிபெருக்கியாக இருக்கவில்லை. அது ஒரு வாசிப்பு வட்டமாக இருந்தது. ஒருவர் சொன்னதை எல்லோரும் பார்க்கலாம். ‘ஆம்’ தரப்பும் வந்து மறுக்கலாம். அச்சு ஊடகத்துக்குப் பின்னால் கல்லாதவர்களின் முணுமுணுப்பாகத் தெரிந்த ஒன்று, பொதுவெளியில் வாதமாக எழுந்து நின்றது. மே 29 அன்று 54.67 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்திலும் 61 சதவீதத்துக்கு மேல் ‘இல்லை’.

3

அப்புறம் என்ன ஆயிற்று? ஜனங்களுக்குப் புரியவில்லை, பயந்துவிட்டார்கள் என்று மேட்டிமைக் கூட்டம் விளக்கம் கொடுத்தது. ஒப்பந்தத்தின் பெரும்பகுதி, ‘அரசியலமைப்பு’ என்ற பெயரை உதறிவிட்டு, 2007இல் லிஸ்பன் ஒப்பந்தமாக வந்தது. இந்த முறை பிரான்சில் மக்களைக் கேட்கவில்லை. 2008 பிப்ரவரியில் நாடாளுமன்றமே வேலையை முடித்துவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. டென்மார்க் 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மறுத்தது. சில விலக்குகள் கொடுத்து 1993இல் மறுபடி கேட்டு ‘ஆம்’ வாங்கினார்கள். அயர்லாந்து 2008இல் லிஸ்பனை மறுத்தது, 2009இல் மறுபடி கேட்டார்கள். 2015 ஜூலையில் கிரேக்க மக்கள் 61 சதவீதம் பேர் கடன்காரர்களின் நிபந்தனை வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்களுடைய இடதுசாரி அரசே கடும் நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது.

வாதம் செய்து, ஓட்டுப் போட்டு, ஜெயித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஜனங்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? வாதம் வீண் என்பதைத்தான். சந்தையை எதிர்த்த ‘வேண்டாம்’ இப்படித் தோற்ற இடத்தில் அந்நியரை எதிர்த்த ‘வேண்டாம்’ குடியேறியது.

4

இரண்டாவது, பிரிட்டன், 2016. இங்கேயும் இணையம்தான் களம், ஆனால் அது வேறு இணையம். வெளியேற்றத்துக்கான அதிகாரபூர்வப் பிரச்சாரக் குழு தன் பணத்தில் பெரும்பங்கைக் குறிவைத்த விளம்பரங்களுக்குச் செலவிட்டது. ஏறத்தாழ 100 கோடி விளம்பரங்கள் காட்டப்பட்டதாக அதன் இயக்குநர் டொமினிக் கம்மிங்ஸே பின்னால் எழுதினார்.

வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது என்ற பேருந்து வாசகம் பிரசித்தம். அது பொய்க்கணக்கு. ஆனால் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதனால் புள்ளிவிவர ஆணையமே அதைத் தவறான தோற்றம் தருவது என்று கண்டித்தது. ஃபேஸ்புக் விளம்பரங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. துருக்கியின் 7.6 கோடிப் பேர் வரப்போகிறார்கள் என்று ஒருவருக்கு. காளைச்சண்டையைத் தடுக்க வேண்டும் என்று விலங்குப் பிரியருக்கு. தேநீர்க் கெட்டிலுக்கு ஆபத்து என்று இன்னொருவருக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன காட்டினார்கள் என்று இவருக்குத் தெரியாது. நாடாளுமன்றக் குழு வழியாக இந்த விளம்பரங்கள் வெளியே வந்தது 2018 ஜூலையில். வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதே மாதம் செலவு விதிகளை மீறியதற்காக அந்தக் குழுவுக்கு 61,000 பவுண்ட் அபராதம். 51.9 சதவீதம் ‘வெளியேறு’ என்ற முடிவில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் அறுதியிட முடியாது. தொழில்கள் அழிந்த ஊர்களின் கோபம் விளம்பரத்தால் உண்டானதும் அல்ல. என் கேள்வி வேறு. பதில் சொல்ல எதிராளிக்கு வாய்ப்பே தராத பேச்சை விவாதம் என்று அழைக்கலாமா? 2005இல் மறுப்பு வந்தது, திருத்தம் வந்தது. 2016இல் காதோடு காதாக ஓதினார்கள்.

5

அன்றைய இணையம் புனிதம், இன்றையது பாவம் என்று கதை கட்டுவதும் சரியல்ல. அதே ஷுவார் பின்னாளில் தீவிர வலதுசாரிகளோடு நெருங்கினார் என்ற விமர்சனத்துக்கு ஆளானார். 2019இல் ஒரு நேர்காணலில், நாஜிகளின் நச்சுவாயு அறைகளைப் பற்றிக் கேட்டபோது அது தமக்குத் தெரியாத விஷயம் என்பதுபோலப் பேசினார். கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டார். அதிகாரத்தின் பிரதியைச் சந்தேகித்து வாசி என்று சொன்ன மனிதர், சந்தேகிக்கவே கூடாத படுகொலையின் முன்னால் தடுமாறினார். சந்தேகம் வாசிப்போடு சேர்ந்திருக்கும்வரை விமர்சனம். வாசிப்பை விட்டுவிட்டால் அது நோய்.

‘வேண்டாம்’ என்பதை வலதுசாரிகள் திருடிக்கொண்டார்கள் என்று இடதுசாரி நண்பர்கள் புலம்புகிறார்கள். திருட்டு நடந்தது உண்மை. ஆனால் 2008இல் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? பிரான்சில் சோஷலிஸ்ட் உறுப்பினர்களில் பலரும் அதற்குத் துணைபோனார்கள். மக்கள் சொன்ன ‘இல்லை’யை அழித்தவர்கள், பத்தாண்டு கழித்து மக்கள் பொய்க்கு மயங்கிவிட்டார்கள் என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பொய்யை அம்பலப்படுத்துவது பாதி வேலைதான். எல்லோரும் பார்க்கும்படி ஒரே பிரதியைச் சேர்ந்து வாசிக்கிற இடத்தை மறுபடி உண்டாக்குவதும், அங்கே எடுத்த முடிவுக்கு மதிப்பு இருக்கச் செய்வதும் மீதிப் பாதி. அதைச் செய்யாதவரை ‘வேண்டாம்’ என்ற சொல் காதோடு ஓதுகிறவன் கையில்தான் இருக்கும்.