கேள்வி பதில் பகுதி மீது ஒரு வழக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மராட்டியக் கூட்டுக் குடும்பங்களில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. திருமணம் போன்ற சடங்குகளின்போது மட்டும், ‘உகாணே’ எனப்படும் எதுகை அமைந்த சிறு பாட்டுக்குள் அப்பெயரை வைத்துச் சொல்ல வழக்கம் இடம் தந்தது. பெரியவர்கள் இருக்கையில் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட வீட்டில், கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது பற்றியோ உடலுறவில் ஏற்படும் வலி பற்றியோ மனைவி வாய்திறக்க இரவு மட்டுமே வாய்ப்பாக இருந்தது. அந்த இரவிலும் அதற்கான சொற்கள் அவளிடம் இருந்தனவா என்பது ஐயமே.

இம்மௌனத்தை அச்செழுத்தின் வழியாகக் கலைக்க முயன்றவர் ரகுநாத் தோண்டோ கார்வே. விதவை மறுமணத்துக்கும் பெண்கல்விக்கும் பாடுபட்ட தோண்டோ கேசவ் கார்வேயின் மகனான இவர், பம்பாய் வில்சன் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே 1921-இல் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மேரி ஸ்டோப்ஸ் லண்டனில் தம் நிலையத்தைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். பிரச்சாரத்தைக் கைவிட வேண்டும், அல்லது பணியை விட வேண்டும் என்ற நெருக்கடியில், கார்வே 1925-இல் கல்லூரியிலிருந்து விலகினார். 1927 ஜூலையில் அவர் தொடங்கிய ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ (‘சமூக நலம்’ என்பது பொருள்) என்னும் மராத்தி மாத இதழ், 1953-இல் அவர் இறக்கும்வரை பணமுடைக்கு நடுவே நடந்தது. அவருடைய மனைவி மாலதி இப்பணியில் உடன் நின்றார். குழந்தை வேண்டாம் என்ற முடிவும் இருவருக்கும் பொதுவாகவே இருந்தது.

கட்டுரைகளைக் காட்டிலும் அவ்விதழின் கேள்வி பதில் பகுதியே வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது. வீட்டில் கேட்க முடியாததை வாசகர் அங்கே கேட்டனர்; தற்புணர்ச்சி, ஒருபால் விழைவு ஆகியவை குறித்த ஐயங்களுக்கும் கார்வே பாவ புண்ணியக் கணக்குப் பார்க்காமல் அறிவியல் நோக்கில் விடையளித்தார். ஆயினும் 1931 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர்கூட எழுத்தறிவு பெற்றிராத நிலையில், இவ்வுரையாடல் பெரும்பாலும் கணவன்மாரோடு நிகழ்ந்ததாகவே கொள்ள வேண்டும். பெண்ணுக்கும் இன்ப நாட்டம் உண்டு, அதை மதிப்பது கணவனின் கடமை என்று இதழ் வற்புறுத்தியது; அதை மனைவியிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்போ படித்த கணவனின் நல்லெண்ணத்தையே நம்பியிருந்தது.

1931-இல் ஒரு கட்டுரைக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் தண்டம் கட்டிய கார்வே, 1934-இல் இதே கேள்வி பதில்களுக்காக மீண்டும் நீதிமன்றம் ஏறினார். இம்முறை அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். பாலியலைப் பற்றி எழுதுவதாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது என்பதும், ஐயம் தீரக் கேட்பவருக்கு விடை தருவதே அறிவைப் பரப்பும் வழி என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். வழக்கு தோற்றது, இதழ் நிற்கவில்லை.

மறுபக்கம் காந்தி நின்றார். 1906-இல் பிரம்மச்சரிய விரதம் பூண்டபோது, அந்த வேளையில்தான் மனைவியிடம் அது பற்றிக் கலந்ததாகவும் அவர் மறுக்கவில்லை என்றும் தம் தன்வரலாற்றில் காந்தியே பதிவுசெய்துள்ளார். அவரே 1935 டிசம்பரில், வார்தாவுக்கு வந்த அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரிடம், கருத்தடைச் சாதனங்களுக்குப் பதிலாகக் கணவனை மறுக்க மனைவிக்குக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். சாதனத்தை மறுத்தவர் மனைவியின் பேச்சுரிமையை முன்வைத்தது இவ்விவாதத்தின் விசித்திரங்களில் ஒன்று. தமிழகத்தில் பெரியாரோ, நாட்டின் வறுமையையோ தாயின் உடல்நலத்தையோ காரணம் காட்டாமல், பெண் சுதந்திரமாக வாழவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதி, மற்ற ஆதரவாளர்களிடமிருந்து வேறுபட்டார்.

1952-இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காந்தியின் வழிவந்த சுகாதார அமைச்சர் அம்ரித் கௌர், மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக்கூடிய நாட்களில் உறவைத் தவிர்க்கும் முறையையே விரும்பினார். தில்லி லோதி காலனியிலும் மைசூர் மாநில ராமநகரத்திலும் நடந்த சோதனைத் திட்டத்தையொட்டி, நாட்களை எண்ணுவதற்காக வண்ண மணிகள் கோத்த மாலைகளும் வடிவமைக்கப்பட்டன. சாதனம் ஏதுமின்றிச் செலவில்லாமல் நடக்கும் என்று கருதப்பட்ட அம்முறை, ‘இன்று வேண்டாம்’ என்று மனைவி சொல்லவும் கணவன் அதற்கு இணங்கவும் கூடிய வீட்டில் மட்டுமே பலிக்கக்கூடியது. சோதனையில் எதிர்பார்த்த பயன் கிடைக்காமற்போகவே, அரசு விரைவில் பிற முறைகளுக்கு மாறியது.