பெயரில்லாப் பேரேடு: நெல்லைச் சீமையில் பிறப்புப் பதிவின் வரலாறு

பிறப்புச் சான்றிதழ் வேண்டிப் பழைய பதிவேடுகளைத் தேடுகிறவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு நிலை உண்டு. பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். தந்தை பெயர் இருக்கும். ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்ற குறிப்பும் இருக்கும். குழந்தையின் பெயருக்கு உரிய கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். ‘இது யாருடைய பிறப்பு?’ என்ற கேள்விக்கு அந்த ஏடு விடை சொல்லாது. எழுத்தரின் அலட்சியம் என்று இதனைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் தாமிரபரணிக் கரையில் பிறப்பை எழுதிவைத்த முறைகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அந்த வெற்றுக் கட்டம் தற்செயலானது அன்று என்பது விளங்கும். அந்த ஏடு தனியொரு மனிதருக்குச் சான்று தருவதற்காகத் தொடங்கப்படவே இல்லை.

அரசு எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இவ்வட்டாரத்தில் பிறப்பு எழுதப்பட்டு வந்தது. அது ஜாதக ஓலை. ஆண்டு, மாதம், நட்சத்திரம், லக்கினம், சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. நுட்பம் என்ற அளவில் இன்றைய சான்றிதழ் அதனருகே நிற்க முடியாது. எனினும் ஓலையை ஆங்கிலத் தேதியாக மாற்றுவதில் இடர்ப்பாடுகள் பல. தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் இரவு கழிந்து விடியுமுன் மூன்று மணிக்குப் பிறந்த குழந்தை ஓலையில் செவ்வாய்க்கிழமைக் குழந்தை. அரசு ஏட்டில் புதன்கிழமைக் குழந்தை. ஆண்டுப் பெயரோ அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவது. பெரும் பஞ்சத்தால் பெயர்பெற்ற தாது வருஷம் 1876இல் வந்தது. 1936இலும் 1996இலும் மீண்டும் வந்தது.

இவற்றோடு நெல்லைச் சீமைக்கென்றே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வேணாட்டு அரசர்களின் ஆட்சி சேரன்மகாதேவி, களக்காடு வரை பரவியிருந்த காலத்தின் எச்சமாக இங்கே கல்வெட்டிலும் ஓலையிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது இங்கு ஆவணியில் பிறக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில், ஆங்கில ஆண்டு ஜனவரியில், வருவாய்த் துறையின் பசலி ஜூலையில் பிறக்கின்றன. கொல்லம் 1082, பராபவ வருஷம், பங்குனி மாதம் என்று ஓர் ஓலை சொன்னால் அது 1907ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் காலம். கொல்லத்துடன் 824ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு என்ற வாய்பாட்டை மட்டும் நம்பினால் 1906 என்றே வரும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரைதான் அக்கணக்கு பொருந்தும். அதற்குப் பின் 825ஐக் கூட்ட வேண்டும். இத்தகைய குழப்பங்களைத் தீர்ப்பதற்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் 1922இல் பல தொகுதிகளாக வெளிவந்து, கல்வெட்டு ஆய்வாளருக்கும் வழக்கறிஞருக்கும் ஒருங்கே பயன்பட்டன.

ஆனால் ஓலையின் பெருங்குறை அதன் கணக்கில் இல்லை. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதில் இருந்தது. சோதிடருக்குக் கொடுக்கப் பொருளும், சோதிடரின் வாசலை மிதிக்கும் உரிமையும் உடையோருக்கே ஜாதகம் வாய்த்தது. நன்செய் வயல்களில் உழைத்தவர்கள், பனையேறிகள், சேரிகளில் வாழ்ந்தவர்கள் ஆகியோரின் பிறப்பு பெரும்பாலும் ஓலை ஏறவில்லை. வெள்ளம் வந்த ஆண்டு, கொள்ளைநோய் வந்த ஆடி, கோயில் கொடை முடிந்த மறுவாரம் என்று தாயின் நினைவில் மட்டுமே அது தங்கியது.

இவர்களில் ஒரு பகுதியினரின் பெயரை முதன்முதலாக எழுத்தில் ஏற்றியவை திருச்சபைப் பதிவேடுகள் எனலாம். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவினர். ஞானஸ்நானத்தை ஏட்டில் குறிக்கும் கடமையை அதே நூற்றாண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் பங்குக் குருக்கள்மேல் சுமத்தியது. பாளையங்கோட்டையில் 1778இல் சுவார்ட்சு ஐயர் குளோரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ஆம் ஆண்டின் சபைப் பட்டியலில் நாற்பது பெயர்கள் உள்ளன, முதற்பெயர் குளோரிந்தாவுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியசு, கால்டுவெல் முதலியோரின் காலத்தில் சபைகள் பெருகியபோது ஏடுகளும் பெருகின. பனங்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், நாள் ஆகியவை மையால் எழுதப்பட்டது சிறிய நிகழ்ச்சி அன்று. இன்றும் அக்காலத்து வம்சாவளியைத் தேடுவோருக்கு அந்த ஏடுகளே துணை. ஆனால் சபை எழுதியது அதன் தேவைக்காக. அங்கே முதன்மையான நாள் பிறந்த நாள் அன்று. ஞானஸ்நானம் பெற்ற நாள்.

மூன்றாவதாக வந்தது அரசு. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதார நிலை குறித்த அரச ஆணையத்தின் அறிக்கை 1863இல் வெளியானது. போரில் மாண்டவர்களைவிட நோயில் மாண்ட சிப்பாய்களே மிகுதி என்ற கவலை அதன் பின்னணி. அடுத்த ஆண்டு மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. படைவீரரைக் காக்க வேண்டுமானால் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை பேர் பிறக்கின்றனர், எத்தனை பேர் எதனால் சாகின்றனர் என்பது தெரிய வேண்டும். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866இல் நகராட்சிகளாயின. கிராமங்களில் இந்த எண்ணிக்கை கணக்குப்பிள்ளையிடமும் முன்சீப்பிடமும் வந்து சேர்ந்தது. வரிக்கணக்கு எழுதிய அதே கை பிறப்பையும் இறப்பையும் எழுதித் தாலுகா கச்சேரிக்கு அனுப்பியது. அங்கிருந்து அது மாவட்டத்துக்கும் சென்னைக்கும் சென்று ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்ற விகிதமாக மாறியது. அந்த விகிதத்துக்குப் பெயர் எதற்கு? ஆண் ஒன்று, பெண் ஒன்று என்ற குறிப்பே போதுமானது.

சட்டங்களும் இதே போக்கில்தான் வந்தன. 1886ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விரும்பியோர் பதிந்துகொள்ளலாம் என்றது. சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டு மூன்றாம் எண் சட்டம் பதிவைக் கடமையாக்கியது. எனினும் அறிவிக்கப்பட்ட ஊர்களுக்குப் படிப்படியாகவே அது பரவியது. கணக்குப்பிள்ளையின் காதுக்கு எட்டிய பிறப்பே ஏட்டில் ஏறியது. அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் இடையிலிருந்த தொலைவு பதிவேட்டிலும் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

பெயர்க் கட்டம் வெறுமையானதற்கு நம் வழக்கமும் ஒரு காரணம். பிறந்தவுடன் பெயரிடும் பழக்கம் இங்கே இல்லை. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ பெயர் வைப்பார்கள். சில வீடுகளில் குலதெய்வத்தின் முன் முடியிறக்கும் வரை செல்லப்பெயரே வழங்கும். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே அவன் ‘பெயரன்’. அதுவே பேச்சில் பேரன். ஒரே வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் அதே சுடலைமுத்து, அதே நெல்லையப்பன், அதே காந்திமதி. உறவு பேணும் இந்த அழகிய முறை, ஏட்டில் ஆளைத் தேடும்போது பெருங்குழப்பமாக மாறிவிடுகிறது.

தனிமனிதருக்கு வயது தேவைப்படத் தொடங்கியதும் இந்த ஏட்டின் போதாமை வெளிப்பட்டது. குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மணமகளின் வயது என்ன என்பது நீதிமன்றக் கேள்வியாயிற்று. பள்ளியில் சேர்க்கவும் வயது வேண்டும். தலைக்குமேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடும் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தது என்று ஆசிரியர் முடிவு செய்து, பள்ளி திறக்கும் காலத்துக்கு ஏற்றவாறு ஒரு தேதியும் போட்டார். ஒரே வகுப்பில் பலர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களானது இப்படித்தான். அந்தத் தேதி பள்ளி இறுதிச் சான்றிதழில் ஏறி, வேலையிலும் ஓய்விலும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

ஒரு பதிவு இல்லாமையின் விலை தேதிக் குழப்பத்தோடு நின்றுவிடவில்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும், பின்னர் மண்டபம் வழியாகவும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் ஏராளம். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் தந்தையார் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையெனில் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்து அறையில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்கு அத்தகைய காகிதம் ஏது? லட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். ஏறத்தாழ 9,75,000 பேராக மதிப்பிடப்பட்ட அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல்தான் உடன்பாடு வந்தது. எண்ணிக்கைக்காக மட்டும் எழுதப்பட்ட உலகில் மனிதர்கள் எண்ணிக்கையாகவே பங்கிடப்பட்டனர்.

விடுதலைக்குப் பின் இந்தியா முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969இல் இயற்றப்பட்டு, பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவேட்டின் நகலைப் பெறும் உரிமை அதில் தெளிவாக இடம்பெற்றது. பெயரின்றிப் பதியப்பட்ட பிறப்பில் பின்னர்ப் பெயரைச் சேர்ப்பதற்கென்றே அதில் ஒரு பிரிவு உண்டு. பதிந்த நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணமின்றியும், பதினைந்தாண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பெயர் சேர்க்கலாம் என விதிகள் கூறின. பழைய பதிவுகளுக்குத் தமிழக அரசு பலமுறை காலநீட்டிப்பும் அளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். பிறப்பு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்ததும் இதே தலைமுறையில்தான்.

இவ்வரலாறு தெரிந்தவருக்குத் தேடும் வழியும் தெளிவாகும். பிறப்பு பதியப்படுவது வாழும் ஊரில் அன்று, பிறந்த ஊரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது நம் மரபாதலால், மூத்த பிள்ளையின் பதிவை அம்மாவின் ஊரில் தேட வேண்டும். ஊர் மாறாமலே மாவட்டம் மாறியிருக்கும். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சென்றன; தூத்துக்குடி 1986இல் பிரிந்தது; தென்காசி 2019இல் பிரிந்தது. செங்கோட்டையோ 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரைச் சார்ந்தது. பழைய கிராமப் பதிவேடுகள் பல இன்று சார்பதிவாளர் அலுவலகங்களில் உள்ளன. தேடியும் கிடைக்காவிட்டால் ‘பதிவு இல்லை’ என்பதற்கே ஒரு சான்று பெற்று, அதன்பின் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கல்வி நிலையச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். குடியுரிமைச் சட்டமும் 1987 ஜூலை, 2004 டிசம்பர் ஆகிய எல்லைகளை வைத்துப் பெற்றோரின் குடியுரிமையைக் கேட்கிறது. நோயை எண்ணுவதற்குப் பிறந்த ஏடு இன்று மனிதரை உறுதிசெய்யும் ஏடாகிவிட்டது.

இம்மாற்றம் நல்லதே. புதிதாய்ப் பிறக்கும் எந்தக் குழந்தையும் எழுத்துக்கு வெளியே நிற்கவேண்டியதில்லை. ஆயினும் முந்தைய தலைமுறையை இன்றைய அளவுகோலால் அளப்பதில் ஓர் அநீதி உண்டு. வயலோரக் குடிசையில் பிறந்த ஒரு முதியவளிடம் சான்று கேட்கும்போது, அவள் தர மறந்ததைக் கேட்பதாக நாம் எண்ணிவிடக் கூடாது. ஓலை அவளை எழுதவில்லை. ஏடு அவளை எண்ணியிருக்கலாம், பெயர் கேட்கவில்லை. அந்த வெற்றுக் கட்டத்துக்குப் பொறுப்பாளி அவள் அல்லள். அதை நிரப்பும் சுமையைப் பெருமளவு ஏற்க வேண்டியது எழுதுகோலைக் கையில் வைத்திருந்த தரப்பே.