கேட்பதற்கு முன்பே

எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகம், முக்கியமாக நிலக்கரிக்காகவே கட்டப்பட்டது. ஒடிசாவின் கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. கப்பல் வர நாள்கணக்காகும், கொதிகலன் காத்திருக்காது. அதனால் கேட்பதற்கு முன்பே கரி யார்டில் இருக்கணும். அதுக்காக மலைமலையாகக் குவிக்கவும் முடியாது. இடம் அடைபடும், நாள்பட்ட கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

கணினிக்குள்ளும் இதே சிக்கல்தான். ஹார்ட் டிஸ்கின் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து படிக்க ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் பிராசஸர் கோடிக்கணக்கான வேலைகளை முடித்துவிடும். எனவே இயங்குதளத்தின் மையமான கெர்னல், புரோகிராம் இன்னும் கேட்காத பகுதியையும் முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைக்கிறது. இதற்குப் பெயர் ரீட்-அஹெட். எவ்வளவு முன்கூட்டி என்பதில்தான் ஐம்பது வருஷ வரலாறு இருக்கிறது.

1975இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் விதி மிக எளிது. ஒரு கோப்பில் கடைசியாகப் படித்த துண்டின் எண்ணைக் கெர்னல் குறித்து வைத்திருக்கும். இப்போது கேட்பது அதற்கு அடுத்த எண்ணா? அப்படியென்றால் ஆள் வரிசையாகப் படிக்கிறார். இன்னும் ஒரு துண்டைச் சேர்த்து எடு. அவ்வளவுதான். ஒரு துண்டு 512 பைட். ஊகம் தப்பினால் நஷ்டமும் அவ்வளவே.

லினக்ஸில் பந்தயத் தொகை ஏறியது. வழக்கமான உச்சவரம்பு 128 கிலோபைட். 2007இல், 2.6.23 பதிப்பில், சீனாவின் வூ ஃபெங்குவாங் எழுதிய புதிய முறை சேர்ந்தது. முன்கூட்டி எடுத்த பக்கங்களில் ஒன்றுக்கு அடையாளம் போட்டுவைப்பார்கள். படிப்பவர் அந்தப் பக்கத்தைத் தொட்டதும் அடுத்த சரக்குக்கு ஆர்டர் போய்விடும். அரிசி டிரம் காலியான பிறகு கடைக்கு ஓடாமல், பாதியில் கோடு போட்டு வைப்பது மாதிரி.

அடுத்த சிக்கல் பெரிய சர்வர்களில் வந்தது. அங்கே நினைவகம் பகுதி பகுதியாகப் பிரிந்து, ஒவ்வொரு பிராசஸர் குழுவுக்கும் பக்கத்தில் இருக்கும். எவ்வளவு முன்கூட்டிப் படிக்கலாம் என்பதற்கு, தன் பகுதியில் காலியாகவோ சும்மாவோ கிடப்பதில் பாதி என்று கெர்னல் கணக்குப் போட்டது. நியாயமான கணக்குதான். ஆனால் சில குழுக்களுக்குச் சொந்த நினைவகமே கிடையாது. பூஜ்யத்தில் பாதி பூஜ்யம். பக்கத்துப் பகுதியில் எவ்வளவு இடம் இருந்தாலும் இவர்களுக்கு ஒரு துண்டுகூட வராது.

2014இல் ஐபிஎம் பொறியாளர் ராகவேந்திரா கே.டி. இதைச் சரிசெய்ய முனைந்தார். லினஸ் டோர்வால்ட்ஸும் கலந்துகொண்ட விவாதத்தின் முடிவில், எல்லோருக்கும் 2 மெகாபைட் என்ற நிலையான வரம்பு வந்தது. ஒன்றுமே கிடைக்காதவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டிய ரெய்டு சேமிப்பகங்களுக்கு அந்த 2 மெகாபைட் போதவில்லை, வேகம் மட்டுப்பட்டது. 2015இல் பொது வரம்பை நீக்கி, ஒவ்வொரு சாதனத்துக்கும் அதனதன் வரம்பு என்று மாற்றினார்கள்.

கவனியுங்கள், இரண்டு தடவையும் யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. முதல் விதி அவரவர் கையிருப்பைப் பார்த்தது. கையிருப்பே இல்லாதவரை மறந்தது. இரண்டாவது எல்லோரையும் சமமாக நடத்தியது. தேவைகள் சமமில்லை என்பதை மறந்தது. ஒரு வரம்பை எழுதுகிறவர் மனதில் ஏதோ ஒரு மெஷின் இருக்கிறது. அந்த மெஷின் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்றைய எஸ்.எஸ்.டி.யில் நகரும் முனையே கிடையாது. இருந்தும் பல லினக்ஸ் கணினிகளில் அந்த 128 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் குறைந்த நினைவகத்தோடு படிக்கிற ஒருவருக்கு, வேண்டாத முன்படிப்பு என்பது வேண்டிய பக்கத்தை வெளியே தள்ளுவது. அந்த எண்ணை மாற்ற ஒரு கட்டளை போதும். அப்படி ஓர் எண் இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்கணும்.