விருந்தாளி எழுதும் குறிப்பு: ஹைட்டிக்குத் தொண்டு செய்யச் சென்ற செவிலிய மாணவர்களின் மறுநோக்குக் கட்டுரைகள்

2010 ஜனவரி 12 மாலை 4.53-க்கு ஹைட்டியில் நிலம் அதிர்ந்தது. அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்த ஊர் லெயோகான். தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். அவ்வூர்க் கட்டடங்களில் 80 முதல் 90 விழுக்காடு சேதமடைந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. 2005-இல் அங்கே தொடங்கிய செவிலியக் கல்லூரி இடியாமல் நின்றது. நாட்டில் முதன்முதலாக நான்காண்டுச் செவிலியப் பட்டம் தந்த கல்லூரி அது. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு சனங்கள் அங்கே ஓடினார்கள். முதல்வர் ஹில்டா அல்சிந்தோரும் மாணவிகளும் வளாகத்தையே மருத்துவமனை ஆக்கினார்கள். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து சேரும் முன்பே காயங்களைக் கழுவிக் கட்டத் தொடங்கியவர்கள் அவர்கள். பின்னால் வந்த குழுக்களுக்கும் அந்த வளாகமே தளமாயிற்று.

அமெரிக்க, கனடியச் செவிலிய மாணவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஹைட்டிக்குத் தொண்டுப் பயணம் போய்வந்தது அந்த நிலநடுக்கத்துக்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் அண்மை ஆண்டுகளில்தான் அது அருகிப்போனது. திரும்பியவர்கள் பாடத்தின் பகுதியாக மறுநோக்குக் கட்டுரை எழுதுவார்கள். இவ்வகைக் கட்டுரைகளின் போக்கு பழகிப்போன ஒன்று: புறப்படும்போது இருந்த பதற்றம், கண்ட வறுமை, நோயாளிகளின் நன்றி, ஊர் திரும்பியபோது உணர்ந்த மனமாற்றம். உள்ளூர்ச் செவிலியர் எங்கே என்று தேடினால் மொழிபெயர்த்தவராகவோ வழிகாட்டியவராகவோ ஓரிரு வரிகளில் வந்துபோவார். இந்த மறைவுக்கு மாணவர்களின் அக்கறையின்மையைக் காரணமாக்குவது சரியல்ல என்பது என் கருத்து. எழுதச் சொல்லும் முறைதான் அவரை மறைக்கிறது.

தொழில் செய்பவர் தம் செயலின் நடுவிலேயே சிந்திப்பதைப் பற்றி டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதியபோது, கைக்கு அகப்படாத ஒரு சிக்கலோடு அவர் நடத்தும் மல்லுக்கட்டே ஷோனுக்கு முக்கியமாகப் பட்டது. 1988-இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த சுழற்சி, நிகழ்வு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த செயல் என்று ஆறு படிகளைத் தந்தது. செவிலியக் கல்லூரிகள் அதை விரும்பி ஏற்றன. தன் வார்டிலேயே நாளையும் வேலை பார்க்கப்போகும் மாணவிக்கு அந்த ஆறாம் படி உயிருள்ளது. விமானம் ஏறிவிட்டவருக்கு அந்த ஊரில் அடுத்த செயல் என்று ஒன்றுமில்லை. அதனால் சுழற்சி உணர்வு என்னும் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. ஆறாம் படியில் எழுதுவதற்குத் தன் மனமாற்றம் ஒன்றே மிஞ்சுகிறது. மதிப்பெண்ணும் அதற்கே கிடைப்பதால், மாறாதவரும் மாறியதாக எழுதக் கற்றுக்கொள்கிறார்.

ஒரு மாதிரி நிலையை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு 180/110. முப்பது நாளுக்கான அம்லோடிபின் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். கட்டுரையில் இடம்பெறுவது அவர் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்ட கணம். முப்பத்தோராம் நாள் இடம்பெறுவதில்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியது? அருகிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு யாராவது சொன்னார்களா? அதே மாத்திரை அங்கே கிடைக்குமா, என்ன விலைக்கு? சிகிச்சை முறிந்ததா, தொடர்ந்ததா என்பதைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்தவர் அந்த உள்ளூர்ச் செவிலியர். அவரையோ மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்திருந்தார்கள்.

அவர் நேரத்துக்கு விலை உண்டு. 2018-இல் உலகம் முழுதும் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாகவும், அதில் 89 விழுக்காடு வருமானம் குறைந்த, நடுத்தர வருமானத்திலும் கீழ்நிலையிலுள்ள நாடுகளில் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. விருந்தினரோடு அவர் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய நோயாளிகளிடமிருந்து எடுத்தது. வருபவர் தீங்கையும் கொண்டுவரக்கூடும் என்பதை ஹைட்டி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010 அக்டோபரில் ஆர்த்திபோனித் ஆற்றுப் பகுதியில் தொடங்கிய காலரா, ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவிலிருந்து பரவியது. 2016-இல்தான் ஐ.நா. தலைமைச் செயலர் மன்னிப்புக் கேட்டார்.

அப்படியானால் போகவே வேண்டாமா? மெக்சிகோவில் தொண்டு செய்ய முனைந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் 1968-இல் கடுமையாகப் பேசினார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தக் கோபத்தின் நியாயத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் செவிலியத்தைப் பார்த்து மட்டும் படிக்க முடியாது. தொடாமல் கற்கும் தொழில் அல்ல அது. தொடும் உரிமையை யார் தருகிறார்கள், தொட்டது சரியா என்று யார் சொல்கிறார்கள் என்பதே கேள்வி.

இதற்கான விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. அதற்கு முன் மடலின் லைனிங்கர் உருவாக்கிய பண்பாட்டிடைச் செவிலியம், நோயாளியின் பண்பாட்டைச் செவிலியர் கற்க வேண்டும் என்றது. மாவோரிச் செவிலியரான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அதைத் தலைகீழாக்கினார்: செவிலியர் முதலில் தன் அதிகாரத்தை அறியட்டும், கவனிப்பு பாதுகாப்பானதா என்று கவனிப்பைப் பெற்றவர் சொல்லட்டும். இந்த அணுகுமுறைக்குப் பெயரான பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லை 1988-இல் ஒரு கூட்டத்தில் எழுப்பியவர், ராம்ஸ்டன் பதிவு செய்திருப்பதன்படி, முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர். சட்டப் பாதுகாப்பு, நெறிப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். செவிலியக் கல்வியின் மிக ஆழமான மறுநோக்கு ஒன்று பயணம் போகாத ஒரு மாணவியின் வாயிலிருந்து வந்தது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

ஹைட்டியின் கிராமப்புறத்தில் பிறர் வீட்டு வாசலுக்குச் செல்பவர் ‘ஓனே’ என்று குரல் கொடுப்பார். கௌரவம் என்று பொருள். உள்ளிருந்து மரியாதை எனப் பொருள்படும் ‘ரெஸ்பே’ என்று பதில் வந்த பிறகே நுழைவார். மறுநோக்குக் கட்டுரைக்கும் இந்த வாசல் தேவை. மதிப்பெண் போடுமுன் கட்டுரையை, அதில் சொல்லப்பட்ட நாளில் உடன் வேலை பார்த்த உள்ளூர்ச் செவிலியரோ மாணவியோ படித்து, விடுபட்டதையும் தவறாகப் புரிந்துகொண்டதையும் ஓரத்தில் எழுத வேண்டும். அந்த ஓரக்குறிப்புகளுக்கு மாணவர் எழுதும் பதிலே மதிப்பிடப்பட வேண்டும். படிப்பவருக்கு ஹைட்டியின் கிரெயோல் மொழி மட்டுமே தெரியுமென்றால் மொழிபெயர்ப்புக் கூலியும், அவர் செலவிடும் நேரத்துக்கான ஊதியமும் விமானக் கட்டணத்தைப் போலவே பயணச் செலவில் முதலிலேயே சேர்க்கப்பட வேண்டும்.