சாமிக்கும் நமக்கும் நடுவே: கரிசல் மண்ணில் நம்பிக்கையும் மறுப்பும், 1895–2004

கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது கழுகுமலை. அதன் பாறைச் சரிவில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சமணர்கள் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசை வரிசையாகச் செதுக்கினார்கள். உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்கள், தச்சர், கொல்லர், மண்பாண்டம் வனைந்தவர் என்று உழைத்து வாழ்ந்தவர்களின் பெயர்கள் அவை. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சமணம் ஏற்பதில்லை. படைத்தவனை ஏற்காத ஒரு சமயம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்துத் தச்சனுக்கும் குயவனுக்கும் அன்றாட வழிபாடாக இருந்திருக்கிறது. கொல்லாமையைப் போதித்த அந்தப் பாறையின் பக்கத்திலேயே இன்று அய்யனாருக்குப் பூசை நடக்கிறது. மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். ஊருக்குள் கத்தோலிக்க ஆலயம்.

கழுகுமலை இருக்கும் இந்தக் கரிசல் காட்டில் ஆத்திகம், நாத்திகம் என்று பேசத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1920களிலிருந்து, பெரியாரிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தக் கதையை ஒரு தலைமுறை முன்னால் தள்ளித் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ‘கடவுள் உண்டா’ என்ற கேள்வி இந்த மண்ணில் ஊரைப் பிளந்ததாகத் தெரியவில்லை. சாமி வரும் தெருவில் யார் நடக்கலாம், கல்யாணப் பந்தலில் யார் உட்கார்ந்து நடத்தி வைப்பது, சாமிக்கும் நமக்கும் நடுவே யார் நிற்பது என்ற கேள்விகள்தாம் பிளந்தன. நம்பிக்கையின் வரலாறும் மறுப்பின் வரலாறும் இங்கே ஒன்றுக்குள் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன.

தெருவில் தொடங்கிய வழக்கு

கழுகுமலைக் கோயில் எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வணிகத்தால் வளர்ந்த நாடார்கள், தங்கள் ஊர்வலங்கள் அங்குள்ள தேர்வீதிகளில் போக உரிமை கேட்டார்கள். ஜமீன் மறுத்தது, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தனர். தேர்வீதியிலேயே இடம் வாங்கி வழிபாட்டுக் கூடம் அமைத்தனர். 1895இல் பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது, அந்தக் கூடத்தின் முன் போட்டிருந்த பந்தல் தேருக்குத் தடை என்று எழுந்த தகராறு கலவரமாகி உயிர்களைக் குடித்தது. கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிப்பட்டிக்காரரான பூமணி, பல ஆண்டு உழைப்பில் எழுதிய ‘அஞ்ஞாடி’ நாவலில் இந்தக் கலவரமும் 1899இல் நடந்த சிவகாசிக் கொள்ளையும் விரிவாக வருகின்றன. 2014இல் அந்த நாவல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

இந்த மதமாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது? விசுவாசம் என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது, வெறும் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. கரிசலுக்குக் கிறித்தவம் அப்போது புதிதல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொண்டாற்றியிருக்கிறார். அங்குள்ள பரலோக மாதா கோயிலின் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு இன்றும் எல்லா மதத்தாரும் போகிறார்கள். சிவகாசியை மையமாக வைத்து 1850களில் ராக்லண்டு என்ற சீர்திருத்த சபைப் பாதிரியார் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பிரசங்கம் செய்தார். இத்தனை காலம் கிறித்தவம் அருகிலேயே இருந்தும் மாறாதவர்கள் தெரு மறுக்கப்பட்டபோது மாறினார்கள். முருகனின் தேர் வரும் தெருவில் நடக்க விடாதவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. அவர்கள் அந்தத் தெருவை விட்டுப் போய்விடவில்லை. அதிலேயே இடம் வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து 1897இல், கரிசலின் கிழக்கோரமான கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் 1899இலும், உயர் நீதிமன்றம் 1901இலும், லண்டன் பிரிவி கவுன்சில் 1908இலும் ஒரே தீர்ப்பைச் சொல்லின: நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை. இதற்கிடையே 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. அங்கும் பிரச்சினையின் வேர் விசுவநாத சுவாமி கோயில் நுழைவுதான்.

அந்தக் காலத்து விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார்கள் பூணூல் அணிந்தார்கள். பல்லக்கில் கல்யாண ஊர்வலம் விட்டார்கள். தங்களைச் சத்திரியர் என்றார்கள். அதாவது மேல்படியில் இருந்தவர்களின் சடங்குகளை எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார்கள். அந்த வழி நீதிமன்றத்தில் அடைபட்டது. உறவின்முறை என்ற சாதி அமைப்பும், வணிகர்கள் அதற்குக் கொடுத்த மகமைப் பணமும் இருந்ததால் தங்களுக்கென்று கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொள்ள முடிந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இலேயே தொடங்கிவிட்டது. அம்மன் கோயில் பொங்கலையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே சமூக அமைப்பு நடத்தியது. மகமை கொடுக்கிற கடைக்காரருக்குப் பக்தியும் படிப்பும் ஒரே கணக்கு நோட்டில் இருந்தன.

சுக்கிலநத்தத்துப் பந்தல்

1928 மே 28. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை, ஓமத்தீ இல்லை. சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று இயக்க வரலாறு இதைத்தான் சொல்கிறது. சென்னையிலோ ஈரோட்டிலோ நடக்காமல் ஒரு கரிசல் கிராமத்தில் இது நடந்ததற்கு இன்னும் போதிய கவனம் கிடைக்கவில்லை.

ஏன் இங்கே? மண் ஏற்கெனவே உழுது கிடந்தது என்பதுதான் என் விடை. பூணூல் அணிந்தும் தெருவில் நடக்க விடவில்லை என்ற அனுபவம் ஒரு தலைமுறைக்கு முந்தியது; அதை நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் என்ற நாடார் தலைவர். 1931இல் விருதுநகரில் மாகாண மாநாடு நடந்தது. பல்லக்குக்காகவும் பூணூலுக்காகவும் வழக்காடிய அதே ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்குள் ‘புரோகிதரே வேண்டாம்’ என்ற குரல் மேடை ஏறியது. தமிழ்ச் சமூக வரலாற்றில் இவ்வளவு வேகமான திருப்பம் அபூர்வம்.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. கரிசல் கிராமங்களில் பல சாதிகளின் கல்யாணத்துக்குப் பிராமணப் புரோகிதர் எப்போதுமே வந்ததில்லை. சக்கம்மாளைக் கும்பிடும் கம்பளத்து நாயக்கர்களின் சடங்குகளைக் கோடாங்கி நாயக்கர் நடத்தினார். சாதிப் பெரியவர்களே பந்தலில் முன் நின்றார்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகளில் புரோகிதர் என்ற பேச்சுக்கே இடமில்லை. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஐயர் இல்லாமல் நடக்கும். ஆகவே சுயமரியாதைத் திருமணம் கரிசல்காரருக்கு வானத்திலிருந்து விழுந்த புதுமையாக இருந்திருக்காது. வசதியின்மையாலும் விலக்கலாலும் இருந்துவந்த ஒரு வழக்கத்தை, வெட்கப்பட வேண்டியதில்லை, பெருமையோடு செய்யலாம் என்று பெரியார் மாற்றிக் கொடுத்தார். அவர் உண்மையில் புதிதாகக் கொண்டுவந்தது, பெண்ணும் ஆணும் சமம் என்று மேடை போட்டுச் சொன்னது. பழைய பந்தலில் அந்தச் சொல் இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ஓமமும் சப்தபதியும் இல்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்று 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கான தம்பதிகளின் குடும்ப வாழ்க்கை ஒரே தீர்ப்பில் சட்டத்துக்கு வெளியே நின்றது. அண்ணா ஆட்சியில் நிறைவேறிய இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்று அது சொன்னது. அந்தத் திருமணத்தைப் பலரறிய நடத்தவேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இடையில் கோயில் கதவுகளும் திறந்தன. 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. பெரிய கோயில்களின் வாசல் சட்டப்படி எல்லோருக்கும் ஆனது. ஊர்க் கோயில்களின் தேர்ப்பாதை எல்லோருக்கும் ஆகிவிட்டதா என்றால், இல்லை. நாடார்களுக்கு வழி திறந்த வேகத்தில் பள்ளர், பறையர், சக்கிலியர் சமூகங்களுக்குத் திறக்கவில்லை. 1895இன் காயத்தை நினைவில் வைத்திருப்பவர்களே பிறருக்குத் தெருவை அடைத்த இடங்களும் உண்டு. இதைச் சொல்லாமல் எழுதுகிற சமூக நீதி வரலாறு பாதி வரலாறுதான்.

மானம் பார்த்த மண்

தெருவையும் பந்தலையும் விட்டுக் காட்டுக்குப் போனால் நம்பிக்கையின் முகம் வேறு. இது மானாவாரிப் பூமி. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மல்லி, மிளகாய் என்று எதை விதைத்தாலும் கண் வானத்தில்தான். சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊரே சேர்ந்து பொன்னேர் பூட்டுவது, மழை பொய்த்தால் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி ஊர்ப்பொதுவில் குடித்து ஒப்பாரி வைப்பது, கொடும்பாவி கட்டி இழுப்பது எல்லாம் இந்த நிச்சயமின்மையிலிருந்து பிறந்தவை. மழைக்கஞ்சியை நான் வெறும் மூடநம்பிக்கை என்று எழுத மாட்டேன். பஞ்சம் தலைகாட்டும்போது, இருக்கிற வீட்டுத் தானியம் இல்லாத வீட்டுப் பிள்ளையின் வயிற்றுக்குப் போக ஊர் கண்டுபிடித்த வழி அது. வாங்குகிறவர் கை ஏந்தியதாக ஆகாமல் சாமி பெயர் காப்பாற்றியது.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. நூற்றாண்டுக்கும் மேலாக மானாவாரி ரகங்களும் கருங்கண்ணிப் பருத்தியும் அங்கே ஆராயப்படுகின்றன. அந்த ரகத்தை வாங்கி விதைக்கிறவரே பொன்னேரும் பூட்டுகிறார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு மோதல் தெரியவில்லை. விதை ரகம் அவர் கையில் இருப்பது, மழை இல்லாதது.

சோ. தர்மன் தன் ஊரான உருளைக்குடிக் கண்மாயை வைத்து எழுதி, 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சூல்’ நாவல், இந்த நம்பிக்கைகள் கண்மாயையும் மரங்களையும் எப்படிக் காவல் காத்தன, அவை குலைந்தபோது கண்மாய் எப்படிப் பாழானது என்று காட்டுகிறது. சாமி மரத்தை வெட்ட யாருக்கும் கை வராது என்பது உண்மை. நாவலின் பார்வையோடு ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். கண்மாயைக் காத்த அதே நம்பிக்கைதான், மடை திறக்கிறவன் இன்ன சாதி, கடைசித் தண்ணீர் இன்னாருக்கு என்றும் வைத்திருந்தது. ஒன்றை இழந்ததற்கு வருந்தலாம். மற்றது போனதற்கு வருந்த வேண்டியதில்லை.

தோழரும் தலைக்கட்டு வரியும்

1940களுக்குப் பிறகு கரிசலில் மறுப்பின் முகம் செங்கொடி. இடைசெவலில் 1923இல் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர், கம்யூனிஸ்ட். கோவில்பட்டித் தொகுதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமியைப் பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் செண்பகவல்லி அம்மனையும் தங்கள் குலசாமியையும் கும்பிடுகிறவர்கள்தாம். தோழர்களும் ஊரில் பொங்கல் சாட்டினால் தலைக்கட்டு வரி கொடுப்பார்கள். திருநீறு பூசாமல் பந்தல் வேலை பார்ப்பார்கள். வரி கொடுக்காத வீடு ஊரிலிருந்து விலகிய வீடு. சாமி இல்லை என்று சொல்வதற்கு ஊரில் இடம் உண்டு, ஊர் வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை.

இதே காலத்தில், நம்பாதவர்களே நாட்டார் சாமிகளின் கதையைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மார்க்சியரான நா. வானமாமலை நெல்லை வட்டாரத்துக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து, 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். கொல்லப்பட்டவர்கள் சாமியாகி நிற்பதை அவர் ஒடுக்கப்பட்டோரின் நினைவுக் குறிப்பாகப் படித்தார். பெரியாரின் வழிவந்த தொ. பரமசிவன் சிறுதெய்வ வழிபாட்டின் ஜனநாயகத்தை வாழ்நாள் முழுதும் எடுத்துச் சொன்னார். பூசாரி உள்ளூர்க்காரர், மொழி உள்ளூர்மொழி, படையல் நாம் தின்பதே என்ற அவர் பார்வை, சுக்கிலநத்தத்துப் பந்தலுக்கும் அய்யனார் கோயில் பொங்கலுக்கும் உள்ள உறவை விளங்க வைக்கிறது. இரண்டிலும் நடுவே வெளியாள் இல்லை.

மறுப்பவர்களுக்கும் ஊர்ச் சாமிகளுக்கும் உள்ள இந்த உறவு வெட்டவெளிச்சமானது 2003இல். விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டாக ஏட்டில் கிடந்தது. அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. குலசாமிக்குக் கிடா வெட்டுவது குற்றமானது. கிடா என்பது கரிசல்காரருக்கு நேர்த்திக்கடன் மட்டுமில்லை. பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்துகிற நாளில் சொந்தபந்தம் சேர்ந்து உண்ணும் விருந்து. அந்த விருந்துக்காக அன்று வாதாடியவர்களில் கடவுளை மறுத்தவர்களும் இடதுசாரிகளும் பலர். எதிர்ப்புக்குப் பிறகு 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. கடவுளை நம்பாதவர், நம்புகிறவரின் படையலுக்காகப் பேசிய அந்த மாதங்களை நம் அரசியல் வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துபோகின்றன.

இந்த வரலாற்றுக்கான சான்றுகள் பெரும்பாலும் ஆவணக் காப்பகங்களில் இல்லை. பொங்கல் வரவு செலவு நோட்டுகளிலும், யார் தலைமையில் நடந்தது என்று அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகளிலும், உறவின்முறைத் தீர்மானப் புத்தகங்களிலும் இருக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவை பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டு மச்சில் அப்படி ஒரு தகரப் பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் அதிலுள்ளவற்றுக்குப் படம் எடுத்து, பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.